ஒரு சின்ன இசைத்தட்டுக்குள் நானூறு வருஷம் – தெரியுமா?

இலங்கையின் முதல் தமிழ் இசைத்தட்டு என்று இன்றைக்கும் கொண்டாடப்படுகிற தட்டு, ஒரு கேள்வியோடுதான் சுழலத் தொடங்கியது. தெரியுமா? பாட்டின் பெயரே ‘உனக்குத் தெரியுமா’! பாடியவர்கள் கொழும்புக்காரர்களா? இல்லை. யாழ்ப்பாணத்தவர்களா? அதுவும் இல்லை. திருகோணமலை (சுருக்கமாகத் திருமலை) அண்ணன் தம்பிகள்: எம்.பி. பரமேஷ், எம்.பி. கோணேஷ். ஊர்ச் சாமி கோணேசர். அந்தப் பெயரைத் தாங்கிய ஒருவரும் சேர்ந்த சோடியின் காதல் பாட்டு, கிற்றார் இசையோடு ஊசி முனையில் ஏறி, வானொலிப் பெட்டிகள் வழியாகத் தீவெங்கும் ஒலித்தது. ‘பரமேஷ் – கோணேஷ்’ என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கால இரசிகர்களுக்கு வாய் நிறையும். பரமேஷுக்கு ‘ஈழத்து மெல்லிசை மன்னர்’ என்றே பட்டம்.

இப்போது அந்தக் காலத்துப் பொப் பாடல்களைத் திரும்பத் தேடிக் கேட்கிற ஒரு கூட்டம் உருவாகியிருக்கிறது. இருபது வயதுப் பிள்ளைகள் கூட! பழைய பொப் பாட்டைப் போட்டால் அறுபதுகளுக்கும் எழுபதுகளுக்கும் போய்விடலாம் என்று நினைத்துத்தான் கேட்கிறார்கள். போகலாம். ஆனால் இந்த வண்டி எழுபதுகளில் நிற்காது. பிரேக் பிடிக்காமல் நானூறு வருஷம் பின்னால் ஓடும். ஓடிப்போய் நிற்கிற இடங்களில் ஒன்று, நம்ப மாட்டீர்கள், திருமலைக் கோட்டை வாசல்!

எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

முதலில் கிற்றார். 1956-இல் அமெரிக்காவில் ஹரி பெலபொன்ரே ‘கலிப்ஸோ’ என்றொரு நெடுந்தட்டு வெளியிட்டார். தனிப் பாடகர் ஒருவரின் நெடுந்தட்டு அமெரிக்காவில் பத்து இலட்சம் பிரதிகள் விற்றது அதுதான் முதல் தடவை என்று பெயர் வாங்கிய தட்டு. கரீபியன் தீவுகளில் வாழைக்குலை ஏற்றுகிறவர்களின் பாட்டு அதில் இருந்தது. அந்தத் தட்டு கிளப்பிய அலை எங்கெங்கோ சுற்றி இலங்கையிலும் அடித்தது. தீவுக்காரனின் பாட்டு இன்னொரு தீவுக்காரனுக்குப் பிடித்துப்போனதில் அதிசயம் என்ன? லொஸ் கபலெரோஸ், லா சிலோனியன்ஸ், லொஸ் முச்சாச்சோஸ் என்று ஸ்பானிய வாடை அடிக்கும் பெயர்களோடு சிங்கள இளைஞர்கள் கிற்றார்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். 1966-இல் கிளறன்ஸ் விஜேவர்தனவும் அன்னஸ்லி மாலேவனவும் ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவோடு வந்தபோது சிங்களப் பொப் பாட்டுக்குத் தனி முகமே கிடைத்துவிட்டது.

தமிழ்ப் பக்கம் சும்மா இருந்ததா? இருக்குமா!

அம்பாறையில் ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்துக்கொண்டிருந்தார் ஒரு மாணவர். உரும்பிராய்க்காரர். கூட்டாளிகளோடு சேர்ந்து பாடுவதற்காக அவர் கட்டிய பாட்டுத்தான் ‘சின்ன மாமியே’. நித்தி கனகரத்தினம் என்ற அந்த மாணவரைத்தான் பிற்காலத்தில் ‘தமிழ்ப் பொப் இசையின் தந்தை’ என்று அழைத்தார்கள். அவருடைய இன்னொரு பாட்டு, கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று புத்தி சொல்கிற பாட்டு. நம்மூர்க் கலியாண வீடுகளில் அந்தப் பாட்டை யார் மிகவும் உற்சாகமாகப் பாடுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? கவனித்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். மதுவிலக்குப் பிரசாரம் இவ்வளவு ஆட்டத்தோடு உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது!

பிறகு வந்தார் ஏ.ஈ. மனோகரன். ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ என்றால் இலங்கையில் அவர்தான். தமிழ்நாட்டில் ‘சிலோன் மனோகர்’. ‘சுராங்கனி’யைத் தெரியாதவர் உண்டா? கடலில் பிடித்த மீனைக் காதலிக்குக் கொண்டுவந்து கொடுக்கிற பாட்டு. ஒரே பாட்டுக்குள் சிங்களமும் தமிழும் தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கும். அந்தப் பாட்டு பாக்குநீரிணையைத் தாண்டிப் போய் 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் ஒலித்தது. தெரியுமா? பாட்டின் பொருள் முழுதும் விளங்காமலே தமிழ்நாட்டின் பாடசாலைப் பேருந்துகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதைப் பாடினார்கள். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். இலங்கையின் கிரிக்கெட் மைதானங்களில் ‘பப்பரே’ வாத்தியக்காரர்கள் கொம்பும் மேளமுமாகக் கிளம்பினால் ‘சுராங்கனி’ இல்லாமல் ஆட்டம் முடியாது.

சரி, இந்தப் பாட்டுகளுக்குக் கால் தானாக ஆடுகிறதே, அது ஏன்?

கையை மடித்து எண்ணிப் பாருங்கள். ஆறு எண்ணிக்கை வரும். அதை மூன்று மூன்றாகப் பிரித்தால் இரண்டு அடி. இரண்டு இரண்டாகப் பிரித்தால் மூன்று அடி. மத்தளக்காரர் ஒரு கணக்கில் போவார், கிற்றார்காரர் இன்னொரு கணக்கில் போவார், நடுவில் மாட்டிக்கொண்ட இடுப்பு என்ன செய்யும்? ஆடத்தான் செய்யும்! இதுதான் பைலாத் தாளம். எங்கள் காதுக்கு இது அந்நியமும் இல்லை. ‘தகிட தகிட’ என்று திஸ்ர நடையில் கும்மி அடித்த காதுகள் அல்லவா? கும்மிக்காரருக்குப் பைலா பாதி தெரிந்த சங்கதி. ஈழத்துத் தமிழர் அதை இவ்வளவு சீக்கிரம் தங்களுடையதாக்கிக் கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பைலாவை மேடைக்குக் கொண்டுவந்து சிங்களச் சொற்களைப் பூட்டிப் பிரபலமாக்கியவர் யார் தெரியுமா? ஒரு பொலிஸ்காரர்! பெயர் வொலி பஸ்தியன். சந்தியில் நின்று போக்குவரத்தைப் பார்க்க வேண்டிய துறையில் இருந்து ஒருவர் வந்து நாட்டையே ஆடவைத்தார். 1940-களில் அவர் செய்த காரியம், போர்த்துக்கேயர் வழிவந்த கரையோரப் பறங்கியர் வீட்டு விசேஷங்களில் ஆடப்பட்டு வந்த ‘கபிரிஞ்ஞா’ என்ற ஆட்டத்தின் தாளத்தை எடுத்துக்கொண்டதுதான். அந்தத் தாளம் அவருக்கு எங்கிருந்து வந்தது? இங்கேதான் நமது வண்டி கிழக்குக் கரைக்குத் திரும்புகிறது.

1622-இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, கோணேசர் கோயிலை இடித்தான். அடுத்த ஓரிரு வருஷத்தில் கோயில் கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. இன்றைக்கு ‘பிரெட்ரிக் கோட்டை’ என்கிறோமே, அதுதான். அதன் வாசல் கல்லில் இரட்டை மீன் சின்னம் இப்போதும் இருக்கிறது, பாண்டியர் சின்னம். கோட்டையைக் கட்டியவர்களுக்கு அதை ஆண்டு அனுபவிக்கக் கொடுத்து வைக்கவில்லை. 1639-இல் ஒல்லாந்தர் பிடுங்கிக்கொண்டார்கள். கூட்டிப் பாருங்கள், திருமலையில் போர்த்துக்கேயர் ஆட்சி ஒரு மனிதனின் வாலிப வயதுகூட இல்லை!

ஆனால் அவர்கள் விட்டுப்போன பேச்சு? அது போகவில்லை! தெரியுமா, அவர்கள் தீவை விட்டே துரத்தப்பட்டு முந்நூற்று அறுபது வருஷத்துக்கு மேல் ஆனபிறகும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயக் கலப்புமொழி பேசுகிற முதியவர்கள் இருக்கிறார்கள். திருமலை நகரையொட்டிய பாலையூற்றுப் பகுதி அதற்குப் பேர்போனது. லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ஊகு கர்தோசு தலைமையில் ஒரு குழு 2017 முதல் சில ஆண்டுகள் கிழக்குக் கரையில் வீடு வீடாகப் போய் அந்தப் பேச்சையும் பாட்டையும் ஆட்டத்தையும் பதிவு செய்தது. போர்த்துக்கல்லில் இருந்து ஆள் வந்து பாலையூற்றில் பாட்டுக் கேட்கிறான் ஐயா! அங்கே மறந்துபோன பழசு இங்கே வயலினும் றபானும் வைத்துக்கொண்டு கலியாணத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது.

‘கபிரிஞ்ஞா’ என்ற பெயரில் இன்னொரு கூட்டமும் ஒளிந்திருக்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்று கொடிக்காரரும் ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை இங்கே கொண்டுவந்தார்கள். படைவீரர்களாக, கூலிகளாக, அடிமைகளாக. ஆங்கிலேயர் காலத்தில் அவர்களைக் கொண்டு தனிப் படையணியே இருந்தது. அணி கலைந்தபின் அவர்கள் தங்கிய ஊர்களில் திருகோணமலையும் ஒன்று, புத்தளமும் ஒன்று. காபிர் மக்கள் என்று தீவில் அழைக்கப்படுகிற அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று மிகச் சிலரே. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறம்பியடிய கிராமத்தில் அவர்கள் ‘மஞ்ஞா’ என்ற பாட்டைப் பாடுவார்கள். வாத்தியம் என்ன தெரியுமா? சிரட்டை, கரண்டி, கண்ணாடிப் போத்தல்! சமையல்கட்டையே கச்சேரி ஆக்கிவிடுவார்கள். குட்டி வரி ஒன்றை எடுத்து, மெல்ல ஆரம்பித்து, திருப்பித் திருப்பிப் பாடி, வேகம் ஏறி ஏறி, கடைசியில் கேட்கிறவன் மூச்சுவாங்குவான்.

இனி எழுபதுகளின் ஏதாவது ஒரு பைலாத் தட்டைக் காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள். பின்னால் ‘டிங் டிங்’ என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். போத்தலில் கரண்டி தட்டுகிற அந்தச் சத்தத்தின் பூர்வீகம் இதுதான். பழமையை நினைத்து ஏங்குகிற பொப் பாட்டு என்று நீங்கள் கேட்பது, தான் பிறந்த நாளிலேயே அதைவிடப் பழைய ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தது. ‘அந்தக் காலத்துப் பாட்டு’ என்ற ஒன்று தனியாகக் கிடையாது. ஒவ்வொரு காலத்துப் பாட்டுக்குள்ளும் இன்னொரு அந்தக் காலம் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது ஒரு வெள்ளைக்காரக் கல்லறையும் ஞாபகம் வருகிறது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரின் இருக்கிறாரே, அவருடைய தம்பி திருகோணமலையில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்! கடற்படையில் பெரிய பதவியில் இருந்த சார்ள்ஸ் ஒஸ்ரின், 1852-இல் பர்மாவில் ஐராவதி நதியில் கப்பலிலேயே வாந்திபேதியால் இறந்துபோக, உடலைத் திருமலைக்குக் கொண்டுவந்தார்கள். பொப் இசைக் கட்டுரையில் இவருக்கென்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது. அக்கா ஜேன், தன் காலத்தில் பிரபலமாயிருந்த பாட்டுகளை எல்லாம் கையாலேயே சுரம் சுரமாகப் பிரதி எடுத்து, தொகுத்துக் கட்டி வைத்துக்கொண்டு, பியானோவில் வாசித்து வந்தவர். அந்தக் குடும்பத்து இசைச்சுவடிகள் பத்திரமாக இருக்கின்றன. சௌதாம்ப்ரன் பல்கலைக்கழகம் அவற்றை மின்பிரதி ஆக்கியும் விட்டது. பிடித்த பாட்டுகளை ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொள்கிற ஆசைக்கு கசெட்டும் வேண்டாம், இறுவட்டும் வேண்டாம், மையும் தாளும் போதும்!

பிரிட்டிஷ் கடற்படை 1957 வரை திருமலையை விடவில்லை. அதுவரை துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றால் மேல்நாட்டு வாத்தியமும் நடனமும் கூடவே இறங்கும். உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். ஆழம் இருந்தால் பெரிய கப்பல் வரும், பெரிய கப்பலில் நிறையப் பேர் வருவார்கள், நிறையப் பேர் வந்தால் பாட்டு வரும். கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் அதே ஆழத்தில் வேறு பாடகர்களும் வருகிறார்கள். இதைக் கேட்டால் அசந்து போவீர்கள்!

நீலத் திமிங்கிலம். திருமலைக்குக் கிட்டக் கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இருப்பதால் உலகின் மிகப்பெரிய விலங்கு கரைக்குக் கண்ணெட்டும் தூரத்துக்கு வந்துபோகிறது. 1980-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் ஒரு பாய்க்கப்பலில் வந்து இந்தக் கடலில் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்தார்கள். 1984-இல் அவற்றின் பாட்டைப் பதிவும் செய்தார்கள். உலகின் நீலத் திமிங்கிலங்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடுவதில்லை. வட்டாரத்துக்கு ஒரு பாட்டு. திருமலைக் கடலில் பதிவான பாட்டுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘இலங்கைப் பாட்டு’! தியாகோ கார்சியா வரை இந்தப் பாட்டை வைத்தே வட இந்து சமுத்திரத்து நீலத் திமிங்கிலத்தை அடையாளம் காண்கிறார்கள்.

அதைவிடப் பெரிய வியப்பு இனித்தான். 1984-இல் அந்தப் பாட்டின் நீண்ட கடைசிச் சுரம் கிட்டத்தட்ட 116 ஹெர்ட்ஸில் இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் அளந்தபோது 106 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கியிருந்தது. பாட்டு அதே பாட்டு. சுருதி மட்டும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிகிறது. ஹார்மோனியத்தில் அரைக் கட்டையையும் தாண்டிய இறக்கம்! திருமலைக் கடலில் மட்டுமல்ல, உலகம் முழுக்க நீலத் திமிங்கிலங்கள் இப்படிச் சுருதியைக் குறைத்துக்கொண்டே வருகின்றன என்று 2009-இல் ஓர் ஆய்வு காட்டியது. வேட்டை நின்று இனம் பெருகுவதால் தொலைதூரத்துக்குக் கத்த வேண்டிய தேவை குறைந்ததா, கப்பல் இரைச்சலா, வேறெதுவுமா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கரையில் பைலாவும் பொப்பும் கொடிகட்டிப் பறந்த அதே அறுபதுகளில்தான் சோவியத் கப்பல்கள் இந்து சமுத்திரத்தில் இந்தத் திமிங்கிலங்களைக் கள்ளத்தனமாக வேட்டையாடின. தப்பியவை பாடிக்கொண்டிருக்கின்றன.

கடல் தாண்டிப் பாட்டு வருவது திருமலைக்குப் புதிதும் அல்ல. கோணேசர் மேல் தேவாரம் பாடிய திருஞானசம்பந்தர் இந்த மண்ணில் காலே வைக்கவில்லை, தெரியுமா? இராமேசுவரத்தில் நின்றபடியே கோணமலையைப் பாடினார் என்கிறார் சேக்கிழார். பண் புறநீர்மை. ஏழாம் நூற்றாண்டுப் பதிகம் இப்போதும் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் ஓதப்படுகிறது. கீழே பார்த்தால் ‘இராவணன் வெட்டு’ என்கிற பாறைப் பிளவு. அந்த இராவணனோ, கைலாயத்தின் கீழ் அகப்பட்டு நசுங்கியபோது தன் நரம்பையே யாழ் நரம்பாக்கிப் பாடித் தப்பியவன் என்கிறது புராணம். ‘இராவணஹத்தா’ என்ற நரம்புக் கருவியை இராஜஸ்தான் பாணர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். கதையோ நிஜமோ, இந்தப் பாறைக்கும் பாட்டுக்கும் பழைய சிநேகம்.

சரி, வானொலிக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டனின் படைகளுக்காக இலங்கையில் ஒரு வானொலி தொடங்கினார்கள். போர் முடிந்து மூட்டை கட்டியபோது 100 கிலோவாட் ஒலிபரப்பி இங்கேயே நின்றுவிட்டது. 1952-இல் இந்தியாவில் மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டுக்கு அகில இந்திய வானொலியில் இடமில்லை என்று கதவைச் சாத்தினார். சும்மா கிடைத்த அதிர்ஷ்டம்! ஒரு பக்கம் சாத்திய கதவு, இன்னொரு பக்கம் வலுவான ஒலிபரப்பி; தெற்காசியா முழுக்க இலங்கை வானொலியைத் திருகத் தொடங்கியது. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் இலங்கை அறிவிப்பாளர்களின் குரலைக் கேட்டே கடிகாரம் திருத்தியவர்கள் உண்டு. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது ‘எங்கள் பாட்டை நாங்களே பாடுவோம்’ என்கிற வேகமும் சேர்ந்துகொண்டது. ஈழத்து மெல்லிசையும் பொப்பும் வளர்ந்த பின்னணி அது.

இனி வருவது திருமலைக்கே உரிய ஒரு தற்செயல். 1984-இல் ஜெர்மன் வானொலியான டொய்ச்ச வெல்ல, தன் அஞ்சல் நிலையத்தை எங்கே திறந்தது தெரியுமா? திருகோணமலையில்! 250 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பிகள் மூன்று, 400 கிலோவாட் மத்திய அலை ஒன்று. ஜெர்மனியில் பேசுவதை ஆசியாவுக்குத் திருப்பி எறிகிற வேலை. 2013-இல் அவர்கள் கிளம்பிப் போக, நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. ஜெர்மன் குரல் திருமலைக்கு வந்த அதே காலத்தில்தான் போருக்கு அஞ்சித் தமிழ்க் குரல்கள் ஜெர்மனிக்குப் போயின. நாம் தொடக்கத்தில் சொன்ன பரமேஷின் மகள் பிரபாலினி, ஜெர்மனியில் இருந்துகொண்டு தமிழில் இசையமைத்துப் பாடுகிறார். அப்பாவின் தட்டு திருமலையில் சுழன்றது, மகளின் பாட்டு ரைன் நதி நாட்டில் பிறக்கிறது.

இப்படிப் போனவர்களின் பிள்ளைகள்தான் இன்று பழைய பாணிகளைத் தோண்டி எடுத்துப் புதுத் தொகுப்புகள் போடுகிறார்கள். சுவிற்சர்லாந்தில் பிறந்த பிரியா ராகுவைக் கேட்டிருக்கிறீர்களா? அப்பா, அண்ணன், இவர் என்று குடும்பமே ஒரு குழுவாகத் தமிழ் விசேஷங்களில் சினிமாப் பாட்டுப் பாடியவர்கள். 2021-இல் அண்ணன் ‘ஜஃப்னா கோல்ட்’ இசையமைக்க, ‘டேம் ஷிஸ் தமிழ்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். தொண்ணூறுகளின் கறுப்பின அமெரிக்கக் காதல் இசை ஒரு காதில், குத்துத் தாளம் மறு காதில். அதில் ‘கமலி’ என்ற பாட்டுக்கு வித்து, மாமல்லபுரத்தில் சறுக்குப் பலகை ஓட்டிய ஒரு சிறுமியைப் பற்றிய குறும்படம்!

மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., இதற்கு முன்னோடி. 2007-இல் தாயின் பெயரிலேயே ‘கலா’ என்ற தொகுப்பைப் போட்டார். சென்னையில் உறுமி மேளக்காரரைக் கூட்டிப் பதிவு செய்த அதே தொகுப்பில், 1982-இல் வந்த ‘டிஸ்கோ டான்சர்’ இந்திப் படத்துப் பாட்டொன்றையும் திரும்பப் பாடினார். சின்ன வயதில் விருந்துகளில் தான் ஆடிய பாட்டாம். சிறுபிள்ளைக் கால ஞாபகத்தை வைத்து ஒரு புதுப் பாட்டு!

எனக்குப் பிடித்த தொகுப்பு என்னவோ இவற்றில் எதுவும் இல்லை. பிரான்சில் ‘அகுஃபோன்’ என்று ஒரு சின்ன நிறுவனம் இருக்கிறது. 2010-களில் அவர்கள் இலங்கையின் சிங்கள, தமிழ் நாட்டார் பொப் பாடல்களைத் தேடிப்பிடித்து, துடைத்து, ‘பொற்காலம்’ என்று பெயரிட்டு வினைல் தட்டாகவே வெளியிட்டார்கள். கேட்க இன்பம். ஆனால் கோபமும் வருகிறது. கொழும்பிலோ திருமலையிலோ யாழ்ப்பாணத்திலோ செய்ய வேண்டிய வேலையை ஒரு பிரெஞ்சுக்காரர் செய்ய வேண்டியிருக்கிறதே!

அந்தத் தட்டை எப்படிக் கேட்கலாம் என்று ஒரு யோசனை. முதல் தடவை ஆடிவிடுங்கள், வேறு வழியில்லை. இரண்டாம் தடவை பாட்டை விட்டுவிட்டு, பின்னணியில் போத்தல் சத்தத்தை மட்டும் துரத்துங்கள். மூன்றாம் தடவை கிற்றார் எந்த இடத்தில் கரீபியனுக்குப் போகிறது, வயலின் எந்த இடத்தில் பறங்கியர் கலியாண வீட்டுக்குப் போகிறது, மெட்டு எந்த இடத்தில் நம்மூர்க் கும்மிக்குத் திரும்புகிறது என்று பாருங்கள். பாட்டு மூன்று நிமிஷம்தான். பழைய ஏழங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் கொள்வதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த அளவுக்குள் கதையைச் சொல்லி, சிரிக்கவைத்து, ஆடவைத்து, முடித்தும் விடவேண்டும். இன்றைய பாடல்கள் பலவற்றைவிட அவை கூர்மையாக இருப்பதற்கு இந்த இடநெருக்கடி ஒரு முக்கிய காரணம் என்பது என் கட்சி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திருமலையிலோ, மட்டக்களப்பிலோ, யாழ்ப்பாணத்திலோ, ரொறன்ரோவிலோ, பேர்ளினிலோ, உங்கள் வீட்டு அலுமாரியில் அந்தக் காலத்து ஈழத்துத் தட்டோ, கசெட்டோ, வானொலியில் இருந்து பதிந்த நாடாவோ கிடந்தால் தயவுசெய்து குப்பைக்குப் போடாதீர்கள். வெயிலில் வைக்காதீர்கள், வினைல் வளைந்துவிடும். தட்டின் உறையையும் நடுவிலுள்ள வட்டத் தாளையும் படம் எடுத்து வையுங்கள். பாடியவர், வாசித்தவர், எழுதியவர் பெயர்கள் பல சமயம் அங்கே மட்டும்தான் இருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அது யாருடைய பாட்டு, எந்த விழாவில் கேட்டது என்று இன்றைக்கே கேட்டு எழுதுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் இணையத்தில் ஏற்றி வருகிற நூலகம் நிறுவனம், ஒலிப்பதிவுகளையும் ஆவணப்படுத்துகிறது. அவர்களிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.